மண்வெட்டிக்குப் பக்கத்தில் அரசாங்கம்

எங்கள் கொள்முதல் நிலையத்தின் பழைய தகரப் பலகையில் அரசு முத்திரை வரைந்திருக்கும். அந்த முத்திரையிலுள்ள கோபுரத்தின் உச்சியில் மட்டும் மங்கலாக ஒரு சிவப்பு தெரியும். புதிதாக வருகிறவர்கள் துரு என்று நினைத்துக்கொள்வார்கள். துரு இல்லை, குங்குமம். சோப்புப் போட்டு, மண்ணெண்ணெய் போட்டு, தேங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்த்தும் போகாத குங்குமம். தேய்த்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது வாசலில் வழவழவென்று புதுப் பலகை வந்துவிட்டது. பழையது சாக்கு வைக்கும் அறையில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. சாக்குக் கட்டு எடுக்க உள்ளே போகும்போதெல்லாம் அது கண்ணில் படும், எங்கள் செயலாளர் ஞாபகம் வரும், தனியாக நின்று சிரித்துவிட்டு வருவேன். இந்த வருஷம் சிரித்துவிட்டு உடனே வெளியே வர முடிவதில்லை.

குடவாசலுக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டி இருக்கிறது எங்கள் நிலையம். விவசாயிகள் அறுத்த நெல்லை நேரே கொண்டுவந்து அரசுக்குப் போடுகிற இடம். குறுவைக்குத் திறப்பார்கள், சம்பாவுக்குத் திறப்பார்கள், அறுப்பு முடிந்தால் பூட்டிவிடுவார்கள். நான் அங்கே பருவகாலப் பட்டியல் எழுத்தர். பில் போடுகிறவள் என்றால் எல்லாருக்கும் புரியும். காலேஜில் வரலாறு படித்துவிட்டு நெல் மூட்டைக்கு பில் போடுகிறாளே என்று எங்கள் வீட்டில் புலம்பாத ஆள் கிடையாது. செயலாளர் ஒருவர்தான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. "வரலாறுன்னாலே யாரு வெளைய வெச்ச நெல்லை யாரு தூக்கிட்டுப் போனாங்கங்கற கணக்குதானே? நீங்க படிச்ச வேலையைத்தான் பாக்கறீங்க, கிளார்க்கம்மா" என்பார். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு இவ்வளவு அழகாக ஆறுதல் சொன்னதில்லை.

செயலாளர் என்றால் அரசு செயலாளர் இல்லை. மூட்டை தூக்குகிற தொழிலாளர்களின் சங்கச் செயலாளர். அவரும் அங்கே மூட்டை தூக்கியவர்தான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு காய்ப்பு, சட்டைக்கு மேலேயே தெரியும். கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார், எந்தக் கட்சித் துண்டும் போடமாட்டார். அவருடைய சங்கம் எந்தக் கட்சியோடும் சேராதது. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து அவரிடம் பேசிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போவார்கள். செங்கொடித் தோழர்கள் கிண்டலாக அவரை சிண்டிகலிஸ்ட் என்று கூப்பிடுவார்கள். அரசாங்கமும் வேண்டாம், கட்சியும் வேண்டாம், அந்தந்த வேலையை அந்தந்த வேலைக்காரர்களின் சங்கமே நடத்திக்கொள்ளட்டும் என்று நம்புகிறவர்களுக்கு வெளிநாட்டில் வைத்த பெயராம் அது. அதைக் கேட்டால் அவர் கோபப்பட மாட்டார். "பேரு வாயில நுழைய மாட்டேங்குது, ஆனா சமாச்சாரம் சரியாத்தான் இருக்கு" என்பார். சங்கக் கூட்டத்தில் ஒவ்வொரு வருஷமும் அவரே எழுந்து ஒரே பேச்சைப் பேசுவார். "நான் தலைவரு கெடையாது. சங்கத்துக்கு நான் ஒரு மண்வெட்டி. மழுங்கிட்டேன்னா வேற மாத்திக்குங்க." மாற்ற யாரும் தயாராக இல்லை.

அவருக்குப் பிடித்த விவாதம் அந்தப் பலகைதான். டீ வந்ததும் அண்ணாந்து அதைப் பார்ப்பார், எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு வேலை நடந்த மாதிரிதான். "சிங்கம் அசோகர் வெச்சது. அது புத்தர் வழி. கோபுரம் நம்ம கோயிலு. ரெண்டையும் ஒண்ணா வெச்சு முத்திரை குத்திட்டு, சர்க்காருக்கு மதம் கெடையாதுங்கறாங்க. சர்க்காருக்கு எத்தனை சாமி வேணுங்கறீங்க?" என்று தொடங்குவார். கோபுரத்தை எடுத்துவிட வேண்டும் என்கிறாரா என்றால் அதுவும் இல்லை. அங்கேதான் அவர் மற்றவர்களிடமிருந்து விலகிவிடுவார். எடுத்தாலும் வைத்தாலும் அவருக்கு ஒன்றுதான். "சாமியே இல்லைன்னு சொல்ற நாட்டுலயும் முத்திரை இருக்குல்ல? அங்க முத்திரைதான் சாமி. அதுக்கு எழுந்து நிக்கணும், குனியணும், கன்னத்துல போட்டுக்கணும். படத்துல என்ன இருக்குங்கறது பெருசில்லீங்க. அது எவ்வளவு ஒசரத்துல மாட்டியிருக்குங்கறதுதான் விஷயம்." சாமியோடு அவருக்குச் சண்டை கிடையாது. வீட்டம்மாவை வெள்ளிக்கிழமை தோறும் சைக்கிளில் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போவார், வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பார், அந்த அம்மா வந்ததும் தேங்காய்ச் சில்லை இவர்தான் தின்பார். சாமி சர்க்காரோடு கூட்டுச் சேர்ந்து வந்தால்தான் அவருக்கு ஆகாது.

ஒருமுறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கோபுரத்தைக் கட்டியவன் பெயரை எங்கேயாவது போட்டிருக்கிறானா, கட்டச் சொன்னவன் பெயர்தானே இருக்கிறது என்று அவர் பேசிக்கொண்டிருந்தார். படித்த கர்வத்தில், தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டில் வேலை செய்தவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது, ஆடினவர்கள், பாடினவர்கள், தைத்தவர்கள் வரைக்கும் இருக்கிறது என்று சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். சங்க வேலையாகத் தஞ்சாவூர் போகிற நாள் வந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கோயிலுக்குள் வராத மனிதர், அன்றைக்குச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அந்தக் காலத்து எழுத்து அவருக்குப் படிக்க வராது. எனக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது. கையைக் கல்லில் வைத்துத் தடவியபடியே, "இதுல மூட்டை தூக்கினவன் பேரு எங்க இருக்கு?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "பரவாயில்லை. தையக்காரன் பேரைப் போட்டானே, அந்த மட்டுக்கும் ராஜா நல்லவன்தான்" என்று ஒரு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் இன்னொரு உண்மையும் சொன்னேன். முத்திரையில் இருப்பது தஞ்சாவூர்க் கோபுரம் இல்லை, தெற்கே வேறொரு ஊர்க் கோபுரம் என்று. அதைக் கேட்டதும் அந்தச் சாமி கும்பிடாத மனிதர் முகம் வாடிப்போனதைப் பார்க்க வேண்டுமே! "அப்படியா? நம்மூர்துன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

ஆயுத பூஜை எங்கள் நிலையத்தில் பெரிய விசேஷம். குறுவை அறுப்பு மும்முரமாக நடக்கிற நேரத்தில் அது வரும். கொக்கி, தராசு, தூற்றுகிற மெஷின், சாக்கு தைக்கிற ஊசி, மண்வெட்டி, நெல்லின் ஈரம் பார்க்கிற கருவி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். வைப்பவர் ஒரு அக்கா. களத்தைக் கூட்டி, சிந்திய நெல்லை அள்ளி, தூற்றுகிற வேலை அவருக்கு. கணவர் போன பிறகு அவர் நெற்றியில் ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. முன்பு ஒரு வருஷம், அப்படிப்பட்டவர் பூஜைச் சாமானைத் தொடலாமா என்று யாரோ முணுமுணுத்தார்களாம். பூஜைக்கே வராத செயலாளர் அன்றைக்குப் புளியமரத்தடியிலிருந்து எழுந்து வந்து, "கழுவறது யாரு? அந்தத் தங்கச்சிதானே? கழுவறவங்கதான் பொட்டு வெக்கணும்" என்று ஒரு சட்டம் போட்டுவிட்டுத் திரும்பிப்போய் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து தட்டு அக்கா கையில்தான். பொரி கடலை கொடுக்கும்போது மட்டும் செயலாளர் இரண்டு கையையும் நீட்டுவார். களத்தின் தூசியில் குங்குமம் பறந்துவிடுகிறது என்று அக்கா அதை நல்லெண்ணெய் விட்டுக் குழைப்பார்.

பலகையில் குங்குமம் ஏறிய அந்த வருஷம் அக்காவுக்குச் சுத்தம் பார்க்கிற வேகம் கொஞ்சம் கூடிவிட்டது. எல்லாவற்றையும் கழுவி முடித்தவர் அண்ணாந்து பார்த்தார். பலகையில் ஒரு விரற்கடைக்குப் பதரும் புழுதியும். ஆளைக் கூப்பிட்டு அதையும் இறக்கிக் கழுவினார். கழுவிய பொருள்களோடு அதுவும் காய்ந்தது. பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், தராசுக்கு வைத்தார், மண்வெட்டிக்கு வைத்தார், அடுத்து நின்ற பலகைக்கும் கோபுர உச்சியில் ஒன்று வைத்துவிட்டு நகர்ந்தார். பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. நெல் போட வந்திருந்த ஒருவர் ஆசையாகப் படம் எடுத்து, வாழ்த்துச் சொல்லி, தன் வாட்ஸ்அப்பில் போட்டார். படம் ஊர் ஊராகப் போனது.

ஒரே படத்துக்கு இரண்டு புகார் வந்தது. அரசு முத்திரைக்குப் பொட்டு வைத்து அரசாங்கத்தை ஒரு மதத்துக்குச் சொந்தமாக்கிவிட்டார்கள் என்று ஒன்று. புனிதமான கோபுரத்தைத் தரையில் இறக்கி மண்வெட்டிக்கும் கொக்கிக்கும் நடுவில் வைத்து அவமதித்துவிட்டார்கள் என்று இன்னொன்று. புகார் எழுதின இருவரும் எதிரெதிரே நின்றுகொண்டு எங்களை நடுவில் பிடித்துக்கொண்டார்கள். விசாரித்து முடிக்கும் வரை எதையும் நகர்த்தக் கூடாது, எடை போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. வெளியே ரோட்டு ஓரம் முழுக்க நெல் குவியல், மேலே தார்ப்பாய், அதற்கும் மேலே கறுத்துக்கொண்டு வருகிற ஐப்பசி வானம். மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை, தூங்கிப் பல நாள் ஆன முகம். "பேரு ஒண்ணு குடுங்க. யாரு கழட்டினது, யாரு பொட்டு வெச்சது? அவங்களை வேலையை விட்டு நிறுத்தியாச்சுன்னு எழுதிட்டா ரெண்டு புகாரும் முடிஞ்சுடும். நெல்லும் நனையாது" என்றார். விவசாயிகள் சுற்றி நின்றார்கள். "யாருன்னு சொல்லித் தொலைங்களேம்பா" என்று ஒருவர் கெஞ்சினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருடைய ஒரு வருஷப் பாடு ரோட்டில் கிடக்கிறது. அக்காவின் மகள் அப்போது ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். இந்தக் களத்தில் கூட்டுகிற கூலிதான் அந்தப் படிப்பு. அக்கா முந்தானையை இறுக்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

செயலாளர் கையை நீட்டி அவரைத் தடுத்தார். "கழட்டினது சங்கம். பொட்டு வெச்சதும் சங்கம்" என்றார். சங்கத்துக்குக் கை இருக்கிறதா என்று கேட்டார் அதிகாரி. "இருக்குங்க சார். அதோ வரிசையா நிக்குது பாருங்க." மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் ஒருவர் பாக்கியில்லாமல் அக்காவுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்கள். அரசு முத்திரையில் மத அடையாளம் வைக்கக் கூடாது என்று தெரியாதா என்றார் அதிகாரி. "ஏற்கெனவே கோபுரமே இருக்குதே சார், அதுக்கு மேல நாங்க என்னத்த வெக்கறது?" என்றார் இவர். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரி முகம் சிவந்தது. காரியத்தைக் கெடுத்துவிட்டாரே என்று நான் பல்லைக் கடித்தேன்.

"நீங்க சாமி கும்பிடாத ஆளுன்னு ஊருக்கே தெரியும். நீங்களே இதுக்குப் பரிஞ்சு பேசறீங்களா?" என்று அதிகாரி கேட்டார். செயலாளர் திரும்பினார். பலகையைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த மண்வெட்டியைப் பார்த்தார். அவர் அதை அப்போதுதான் கண்டுபிடித்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். "சார், இங்க யாரும் சர்க்காரைக் கும்பிடலை. வேலைக்கு ஒதவுற சாமானுக்கு மரியாதை செஞ்சாங்க. கொக்கி இல்லாம மூட்டை நகராது, அதுக்கு ஒரு பொட்டு. தராசு இல்லாம எடை போட முடியாது, அதுக்கு ஒரு பொட்டு. இந்தப் பலகை மாட்டலைன்னா நீங்க நெல்லு வாங்க மாட்டீங்க. அப்ப இதுவும் எங்களுக்கு ஒரு ஆயுதந்தானே? சர்க்கார் மேல சாமியை ஏத்திட்டாங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. சாமியைக் கீழ எறக்கிட்டாங்கன்னு இன்னொருத்தர் எழுதியிருக்காரு. ரெண்டு பேரும் அண்ணாந்தே பாத்துப் பழகினவங்க சார். எங்க ஆளுங்க செஞ்சது அது இல்லை. சர்க்காரை மண்வெட்டிக்குப் பக்கத்துல வெச்சாங்க. அது இருக்க வேண்டிய எடத்துல வெச்சாங்க."

அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் சரிய்யா, இதை நான் எப்படி எழுதறது?" என்றார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, உதவி கேட்கிற தொனி இருந்தது. அங்கேதான் என் படிப்புக்கு வேலை வந்தது. 'பெயர்ப்பலகை தூய்மைப் பணிக்காக இறக்கப்பட்டு, இதர தளவாடங்களுடன் வைக்கப்பட்டு, பணி முடிந்தபின் உரிய இடத்தில் மீண்டும் பொருத்தப்பட்டது' என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் எழுதினார், ஒருமுறை படித்தார், இதில் பொய் ஒன்றுமில்லையே என்று ஆச்சரியப்பட்டார். "வாய்மையே வெல்லும்னு முத்திரைக்கு அடியில எழுதியிருக்குதுங்களே" என்றார் செயலாளர். பொட்டை அழித்துவிட்டுப் பலகையை மாட்டுங்கள், எடை போடுங்கள் என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். நாங்கள் தேய்த்தோம். நல்லெண்ணெயும் குங்குமமும் அந்தப் பழைய பெயின்ட்டில் ஊறிவிட்டிருந்தது. முடிந்த மட்டும் தேய்த்து மாட்டினோம். மழை வருவதற்குள் பாதிக்கு மேல் எடை போட்டுவிட்டார்கள். பெயர் கேட்டுக் கெஞ்சிய விவசாயி அக்காவின் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் சைக்கிளை உருட்டிக்கொண்டே செயலாளர் என்னிடம் சொன்னார்: "இத்தனை வருஷமா கூட்டம் போட்டு நான் சொல்லிப் புரிய வெக்க முடியாததை, அந்தத் தங்கச்சி கட்டை வெரலால செஞ்சுட்டுப் போயிடுச்சு, கிளார்க்கம்மா."

அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் வழக்கம்போலப் புளியமரத்தடியில் பொரிக்காகக் காத்திருந்தார். அக்கா எல்லாப் பொட்டும் வைத்து முடித்து, தட்டோடு நேரே அவரிடம் வந்து நின்றார். "எல்லாத்துக்கும் வெச்சாச்சுண்ணே. ஒண்ணு பாக்கி." என்ன பாக்கி என்று கேட்டார் இவர். "மண்வெட்டின்னு வருஷா வருஷம் சொல்றீங்களே, அதுக்கு." அவ்வளவு பேச்சுப் பேசுகிற மனிதர் எழுந்து நின்றார். காப்பாற்று என்பதுபோல என்னைப் பார்த்தார். நானா காப்பாற்றுவேன்? "வாய்மையே வெல்லும், செயலாளரே" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ளப் போகிற குழந்தை மாதிரி முகத்தைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். மூட்டைக்காரர்கள் விசிலடித்தார்கள். வீட்டுக்குப் போகும் வரை அவர் அதை அழிக்கவில்லை. வீட்டம்மா பார்த்துவிட்டு, யாரிடம் என்ன வேண்டுதல் என்று கேட்டாராம். "வேண்டுதல் இல்லடி, தீர்மானம்" என்று சொன்னாராம். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பொட்டு நடந்தது.

போன சம்பா முடிந்து நிலையத்தைப் பூட்டிய பிறகு, ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் சொல்லி வைத்திருந்தபடி சடங்கு எதுவும் இல்லை. கொக்கிகளை ஆளுக்கொன்றாகத் தோளில் மாட்டிக்கொண்டு சங்கம் தூக்கிப் போனது. வீட்டம்மா மட்டும் ஒரு கீற்றுத் திருநீறு வைத்தார். யாரும் தடுக்கவில்லை. அது சர்க்கார் வைத்தது இல்லையே. குறுவைக்குக் கதவு திறந்ததும் சங்கம் கூடிப் புதுச் செயலாளரைத் தேர்ந்தெடுத்தது. அக்காவைத்தான். மூட்டை தூக்காதவர் எப்படி என்று ஒரு குரல் கேட்டது. அன்றைக்கு அதிகாரி பெயர் கேட்டபோது முதலில் முன்னால் வந்தவர் யார் என்று இன்னொரு குரல் கேட்டது. கை தூக்கினார்கள், முடிந்தது.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கும் அக்காதான் எல்லாவற்றையும் கழுவினார். சாக்கு அறையிலிருந்து பழைய பலகையையும் எடுத்து வந்து துடைத்து, மண்வெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். இப்போது அது யாருடைய முத்திரையும் இல்லை, எங்கள் பொருள். அந்த மங்கல் சிவப்பின் மேலேயே புதுப் பொட்டு வைத்தார். கடைசி ஊசி வரை வைத்து முடித்தவர், பழக்க தோஷத்தில் தட்டோடு புளியமரத்தைப் பார்த்துத் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. இரண்டு அடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் போய்த் தட்டை வாங்கிக்கொண்டேன்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குக்கா" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு அடி பின்னால் போனார். "எனக்கா? வேணாம் கிளார்க்கம்மா. நான் வெச்சுக்கறதில்லைன்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல."

"உங்களுக்கு இல்லக்கா. செயலாளருக்கு."

அக்கா சுற்றிலும் பார்த்தார். மூட்டைக்காரர்கள் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தராசையும் மண்வெட்டியையும் அந்தத் தகரப் பலகையையும் ஒருமுறை பார்த்தார். முந்தானையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, முகத்தைச் சுருக்கி, பழைய செயலாளர் குனிந்த மாதிரியே குனிந்தார்.

நல்லெண்ணெயில் குழைத்த குங்குமம். சீக்கிரத்தில் போகாது.